சங்கரா மீன் ஏன் பச்சையாச்சு?

(கணினிப் பகுதி)



சங்கரா மீன் என்ன நிறம்? நம்ம ஊரில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால்கூட "செவப்பு" என்று சொல்லிவிடும். ஆனால் போன மாதம் நம் கம்ப்யூட்டர் அறையில் நான் பார்த்த சங்கரா பச்சை நிறத்தில் இருந்தது. வஞ்சிரம் ரோஸ் நிறம். கடல் காப்பித்தண்ணி மாதிரி இருந்தது. ஏன் அப்படி ஆனது, அதை எப்படிச் சரி செய்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. பழைய சி.டி. வைத்திருக்கிற எல்லாருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

சி.டி. கிடைத்த கதை

நூலக அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது ஒரு சி.டி. கிடைத்தது. அதன்மேல் பேனாவால் "நம் கடல் மீன்கள் – 2003" என்று எழுதியிருந்தது. 2003-ல் நம் பள்ளியில் இருந்த அறிவியல் சாரும், அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்த பிள்ளைகளும் சேர்ந்து செய்தது அது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் அம்மா. அதில் மீன் படங்களைக் காட்டி விவரம் சொல்கிற குரல் என் ஆயாவுடையது. ஆயா கூடையில் மீன் விற்றவர். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது இறந்துவிட்டார். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

அறிவியல் கண்காட்சிக்கு இந்த சி.டி.யைப் போட்டுக் காட்டலாம் என்று டீச்சர் சொன்னார்கள். மல்டிமீடியா என்றால் படம், எழுத்து, குரல், அசைவு எல்லாம் சேர்ந்தது. அதை உருவாக்குவதற்கென்றே அந்தக் காலத்தில் மென்பொருள்கள் இருந்தன. அப்படி ஒன்றில் செய்ததுதான் இந்தச் சி.டி.

முதல் தடை: செட்டப் ஓடவில்லை

முதலில் புதுக் கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டோம். அதில் இருப்பது 64 பிட் விண்டோஸ் 10. செட்டப்பை இரண்டு முறை கிளிக் செய்தால், இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று ஒரு செய்திதான் வந்தது. சி.டி. கெட்டுப் போச்சு என்று எல்லாரும் நினைத்தோம்.

டீச்சர் காரணம் சொன்னார்கள். 1990-களில் வந்த பல செட்டப் புரோகிராம்கள் 16 பிட் வகை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராமை ஓட்டுகிற பகுதியே கிடையாது. அதனால் சி.டி. நன்றாக இருந்தாலும் செட்டப் ஓடாது. அறையின் மூலையில் விண்டோஸ் எக்ஸ்.பி. போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதே, அதில் போட்டுப் பார்த்தோம். செட்டப் ஓடியது! ஆனால் புரோகிராமைத் திறந்ததும், திரையை 256 நிறத்துக்கு மாற்றிவிட்டு வா என்று சொல்லி மூடிக்கொண்டது.

(முக்கியக் குறிப்பு: எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதனால் அந்தக் கம்ப்யூட்டரை இணையத்தோடு இணைக்கக் கூடாது. யாரும் அதில் நெட் கேபிளைச் செருகாதீர்கள்.)

எக்ஸ்.பி.யில் 256 நிறம் சாதாரண இடத்தில் தெரியாது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, அடாப்டர், லிஸ்ட் ஆல் மோட்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போனால் ஒரு நீளப் பட்டியல் வரும். அதில் 640-க்கு 480, 256 நிறம் என்பதைத் தேர்ந்தெடுத்தோம். புரோகிராம் திறந்தது. ஆயாவின் குரல் கேட்டது. அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் படம் எல்லாம் நிறம் மாறிக் கிடந்தது.

அப்போது சி.டி.யில் ஆயா சொல்கிறார்: "செவுளத் தூக்கிப் பாரு. ரத்தம் மாதிரி செவப்பா இருந்தா இன்னைக்குப் புடிச்ச மீனு. வெளுத்துப் போயி பழுப்பா இருந்தா கைய வைக்காத." திரையில் தெரிந்த செவுளோ பாசிப் பச்சை! பார்த்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறத்தைப் பார்த்து மீனைத் தெரிந்துகொள்வதுதான் அந்தப் பாடமே. நிறம் தப்பாக இருந்தால் ஆயா சொன்னதும் தப்பாகிவிடுகிறது இல்லையா?

256 நிறம் என்றால் என்ன?

இதைப் புரிந்துகொள்ள மார்கழி மாசப் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் திரையும் புள்ளிகளால் ஆனதுதான். இப்போதைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை போகும். ஆக 256 × 256 × 256 = 1,67,77,216 நிறங்கள் வரும். இதற்கு 24 பிட் நிறம் என்று பெயர். விண்டோஸில் 32 பிட் என்று தெரிவதிலும் நிறத்துக்கு 24 பிட்தான்.

256 நிற முறை அப்படி இல்லை. ஒரு மேசையில் 256 கோலப்பொடி டப்பாக்களை வரிசையாக எண் போட்டு வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். கோல நோட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் மட்டும் எழுதியிருக்கும். 37 என்று இருந்தால் 37-ஆம் டப்பாவில் இருக்கிற பொடியைப் போட வேண்டும். அது என்ன நிறம் என்று புள்ளிக்குத் தெரியாது. டப்பாக்களில் எந்த நிறம் இருக்கிறது என்கிற பட்டியலுக்குத்தான் பேலட் என்று பெயர்.

இப்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து, தன் கோலத்துக்காக 37-ஆம் டப்பாவில் இருந்த சிவப்பைக் கொட்டிவிட்டுப் பச்சையை நிரப்பிவிட்டுப் போனால் என்ன ஆகும்? நம் நோட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் சங்கரா மீன் பச்சையாகிவிடும்!

இதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். படம் கெட்டுப் போகவில்லை. பட்டியல்தான் மாறிப் போயிருக்கிறது. அதனால் நிறம் மாறியதைப் பார்த்ததும் சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஏன் இப்படி ஒரு முறை வைத்தார்கள்? (கணக்கு)

ஓய்வு பெற்ற அந்த அறிவியல் சாரிடம் டீச்சர் போனில் கேட்டார்கள். அப்போது பள்ளியில் இருந்தது ஓர் அலுவலகத்தில் கழித்துக் கொடுத்த பழைய கம்ப்யூட்டராம். அதன் வீடியோ மெமரி வெறும் 512 கே.பி., அதாவது 5,24,288 பைட். திரையில் தெரியும் படம் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

640 × 480 = 3,07,200 புள்ளிகள்.

- 256 நிறம் (ஒரு புள்ளிக்கு 1 பைட்): 3,07,200 பைட். அடங்கும்.
- 65,536 நிறம் (ஒரு புள்ளிக்கு 2 பைட்): 6,14,400 பைட். அடங்காது.
- 1,67,77,216 நிறம் (ஒரு புள்ளிக்கு 3 பைட்): 9,21,600 பைட். அடங்கவே அடங்காது.

அதனால்தான் சார் 256 நிறத்தில் செய்தார். இருக்கிற பாத்திரத்துக்கு ஏற்ற மாதிரி உலை வைத்திருக்கிறார்.

முதல் பக்கம் சரியான விதம்

சரி, டப்பாவை மாற்றியது யார்? டீச்சர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். மாற்றியதையும், அதனால் என்ன ஆனது என்பதையும் நோட்டில் எழுத வேண்டும். நாங்கள் முதலில் அவசரப்பட்டு நாலைந்தை ஒரே சமயத்தில் மாற்றி, எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் முழித்தோம். அதனால் இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

256 நிறத்தில் ஓடும்போது திரை முழுவதுக்கும் ஒரே டப்பா வரிசைதான். அதிலும் முதல் 10, கடைசி 10 ஆக 20 டப்பாக்களை விண்டோஸ் தன் பட்டன், பார்டர் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளும். மிச்சம் 236. எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ, அந்தப் புரோகிராம் தனக்கு வேண்டிய நிறங்களை முதலில் நிரப்பிக்கொள்ளும். பின்னால் இருப்பவை கிடைத்ததை வைத்து ஒப்பேற்ற வேண்டும்.

அந்த எக்ஸ்.பி. கம்ப்யூட்டரில் யாரோ போட்டோ மாற்றி மாற்றிக் காட்டுகிற ஒரு சின்ன ஜன்னலைப் போட்டு வைத்திருந்தார்கள். அது எப்போதும் மூலையில் மிதந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை போட்டோ மாறும்போதும் நம் படத்தின் நிறமும் மாறியதை என் தோழி கவனித்தாள். அந்த ஜன்னலை மூடினோம். உடனே முதல் பக்கம் சரியானது! கடல் நீலமானது. பழைய துறைமுகப் பாலம் அதன் நிறத்தில் தெரிந்தது. 2022 மார்ச்சில் இடிந்து விழுந்ததே, அந்தப் பாலம்தான். படத்தில் முழுசாக நிற்கிறது.

இதே தொல்லை பழைய விளையாட்டுகளிலும் வந்தது. 256 நிறத்தில் செய்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', 'ஸ்டார்கிராஃப்ட்' போன்றவற்றை விண்டோஸ் 7-ல் ஓட்டியபோது நிறங்கள் கன்னாபின்னா என்று மாறின. பின்னால் இருந்த எக்ஸ்ப்ளோரர் புரோகிராம் டப்பாவில் கை வைத்ததுதான் காரணம். எக்ஸ்ப்ளோரரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு விளையாடினால் சரியாக இருந்தது. ஆக இது நம் சி.டி.க்கு மட்டும் வந்த நோய் இல்லை.

மீன் பக்கம் சரியான விதம்

முதல் பக்கம் சரியானது. ஆனால் மீன் பக்கம் அப்படியேதான் இருந்தது. சங்கரா பச்சை. ஆயா முகமும் பச்சை.

இதற்குக் காரணம் வேறு. மல்டிமீடியா மென்பொருள் ஒரு நாடக மேடை மாதிரி. டைரக்டர் என்ற புகழ்பெற்ற மென்பொருளில் திரைக்குப் பெயரே ஸ்டேஜ். படங்களும் குரல்களும் நடிகர்கள். எந்த நேரத்தில் யார் மேடைக்கு வர வேண்டும் என்று எழுதி வைப்பது ஸ்கோர். அந்த ஸ்கோரில் பேலட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. எந்தக் காட்சிக்கு எந்த டப்பா வரிசை என்று அதில் சொல்ல வேண்டும். ஒரு காட்சிக்கு ஒரு வரிசைதான் வைக்க முடியும்.

மீன் பக்கத்தில் இரண்டு வகைப் படம் இருந்தது. ஒன்று என் அம்மா பெயின்ட்டில் வரைந்த கூடையும் படகும். இன்னொன்று ஸ்கேன் செய்த போட்டோக்கள். படத்துக்கு ஒரு பட்டியல், போட்டோவுக்கு வேறு பட்டியல். மேடையில் அம்மா படத்தின் பட்டியல் இருந்ததால் கூடை சரியாகத் தெரிந்தது, போட்டோ எல்லாம் கெட்டது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பவே அந்தப் பக்கம் பச்சையாத்தான்டி இருந்துச்சு. சாரும் என்னென்னமோ பண்ணிப் பாத்தாரு, சரியாவல. ஆயாவுக்குப் போட்டுக் காட்டினப்ப, என் மூஞ்சி ஏன் பாசி புடிச்ச பானை மாதிரி இருக்குன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சோம்" என்றார்.

ஆக 2003-லேயே அந்தப் பக்கத்தை யாரும் சரியான நிறத்தில் பார்த்ததில்லை!

அப்புறம் டீச்சர் சி.டி.யில் உள்ள போல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு போல்டரில் இன்னொரு புரோகிராம் இருந்தது. நாங்கள் இவ்வளவு நாள் கிளிக் செய்தது வாசல் காவல்காரர் மாதிரி. 256 நிறமா என்று சோதித்துவிட்டு உள்ளே விடுவது மட்டும்தான் அதன் வேலை. உண்மையான புரோகிராம் உள்ளே இருந்தது. அது நிறத்தைக் கேட்கவே இல்லை. திரையைத் திரும்ப 32 பிட்டுக்கு மாற்றிவிட்டு அதை நேராகத் திறந்தோம்.

சங்கரா சிவப்பாக வந்தது. செவுள் ரத்தச் சிவப்பு. கூடையும் சரியாக இருந்தது. ஆயாவின் முகம் அவர் நிறத்திலேயே இருந்தது. மூக்குத்திகூடத் தெரிந்தது.

இது எப்படி என்றால், 32 பிட் திரையில் பொது டப்பா வரிசையே கிடையாது. ஒவ்வொரு படமும் தன் பட்டியலைத் தானே கையில் கொண்டு வருகிறது. கம்ப்யூட்டர் அதைப் பார்த்து ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்களாக மாற்றிவிடுகிறது. யாரும் யார் டப்பாவிலும் கை வைக்க முடியாது. போட்டோவின் சரியான பட்டியல் இருபது வருஷத்துக்கு மேலாக அந்தச் சி.டி.க்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைக் காட்டத் தெரிந்த திரைதான் அப்போது இல்லை.

எழுத்து குப்பையாக வந்தால்

உண்மையான புரோகிராம் 32 பிட் வகை என்பதால், செட்டப் இல்லாமலேயே புது விண்டோஸ் 10-லும் ஓடியது. நிறமும் சரி. ஆனால் இப்போது தமிழ் எழுத்து போயே போச்சு! மீன் பெயர் வரவேண்டிய இடத்தில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் இருந்தன.

இதுவும் பேலட் கதை மாதிரியேதான். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துக்கு எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. ஒவ்வொரு ஃபான்ட்டும் ஒவ்வொரு எண் வரிசை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு வரிசைகளை ஏற்றது. டிஸ்கி என்ற வரிசையும் பலரால் பயன்பட்டது. பிறகு 2010-ல் யூனிகோடுக்கு அரசு மாறியது. பழைய வரிசையில் எழுதியதை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், எண்கள் சரியாக இருந்தாலும் வேறு எழுத்து தெரியும். இங்கேயும் எழுத்து கெடவில்லை, பட்டியல்தான் இல்லை.

செட்டப் ஓடியிருந்தால் அதுவே ஃபான்ட்டைப் போட்டிருக்கும். நாம் செட்டப்பைத் தாண்டி வந்ததால் நாமே போட வேண்டியதாயிற்று. சி.டி.யில் ஃபான்ட் போல்டரைத் தேடி, ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தோம். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி, கவலை, காரப்பொடி என்று எல்லாப் பெயரும் வரிசையாக வந்துவிட்டன.

வைத்தியக் குறிப்பு (வெட்டி வைத்துக்கொள்ளவும்)

1. நோய்: செட்டப் ஓடவே இல்லை. காரணம்: 16 பிட் செட்டப், 64 பிட் விண்டோஸ். மருந்து: உள்ளே போல்டரில் உண்மையான புரோகிராம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் 32 பிட் விண்டோஸ் உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தேடுங்கள்.

2. நோய்: 256 நிறம் கேட்கிறது. மருந்து: புரோகிராம் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. எக்ஸ்.பி.யிலும் விண்டோஸ் 7-லும் 256 நிறம் என்ற பெட்டியை டிக் செய்யலாம். விண்டோஸ் 10-ல் அது குறைந்த நிற முறை, 8 பிட் என்ற பெயரில் இருக்கும்.

3. நோய்: நிறம் மாறி மாறி மின்னுகிறது. காரணம்: வேறு புரோகிராம் டப்பாவில் கை வைக்கிறது. மருந்து: மற்ற எல்லா ஜன்னல்களையும் மூடுங்கள்.

4. நோய்: ஒரு பக்கம் மட்டும் நிறம் தப்பு. காரணம்: ஒரே மேடையில் இரண்டு பட்டியல். மருந்து: முடிந்தால் 32 பிட்டில் திறந்து பாருங்கள்.

5. நோய்: வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் போட்டோ நெகட்டிவ் மாதிரி தெரிகிறது. காரணம்: மேக் கம்ப்யூட்டர் பட்டியலில் 0 வெள்ளை, 255 கறுப்பு. விண்டோஸ் பட்டியலில் 0 கறுப்பு, 255 வெள்ளை. ஒன்றில் செய்ததை இன்னொன்றின் பட்டியலோடு பார்த்தால் இப்படி ஆகும்.

6. நோய்: பென் டிரைவில் காப்பி எடுத்தால் ஓடவில்லை. காரணம்: சில புரோகிராம்கள் சி.டி. டிரைவில்தான் தேடும். மருந்து: தனித்தனி ஃபைலாக இல்லாமல் முழு சி.டி.யையும் ஒரே இமேஜ் ஃபைலாக எடுங்கள்.

7. எல்லாவற்றுக்கும் முன்னால்: முதலில் ஒரு காப்பி எடுத்துவிட்டுத்தான் சோதனை. சி.டி.யைத் துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

பெயின்ட்டில் 640-க்கு 480 அளவில் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 24 பிட் பிட்மேப் ஆக ஒரு முறையும், 256 நிற பிட்மேப் ஆக ஒரு முறையும் சேமியுங்கள். பிறகு ஃபைல் அளவைப் பாருங்கள். முதலாவது 9,21,654 பைட். இரண்டாவது 3,08,278 பைட். மூன்றில் ஒரு பங்குதான்!

இரண்டாவதில் புள்ளிகளுக்கு 3,07,200 பைட், தலைப்புக்கு 54 பைட் போக மிச்சம் 1,024 பைட். அதுதான் டப்பாப் பட்டியல் (256 × 4). மூணு லட்சம் புள்ளிக்கும் நிறம் கொடுப்பது அந்த ஆயிரத்துச் சொச்சம் பைட்தான். அது மாறினால் மொத்தப் படமும் மாறும்.

பெட்டிச் செய்தி: தெரியுமா உங்களுக்கு?

★ ஆப்பிள் நிறுவனத்தின் ஹைப்பர்கார்டு 1987-ல் வந்தது. உருவாக்கியவர் பில் அட்கின்சன்.

★ டைரக்டர் மென்பொருளின் முதல் வடிவம் 1985-ல் மேக் கம்ப்யூட்டருக்காக வந்த வீடியோவொர்க்ஸ். அதை வெளியிட்டு வந்த மேக்ரோமீடியா நிறுவனத்தை 2005-ல் அடோபி வாங்கியது. 2017-ல் டைரக்டர் விற்பனை நின்றது. அதில் செய்ததை இணையத்தில் பார்க்க உதவிய ஷாக்வேவ் 2019-ல் நின்றது. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு நின்றது.

★ ஜிஃப் படங்களில் இன்றும் 256 நிறப் பட்டியல்தான். செல்போனில் வருகிற ஆடும் ஜிஃப் படம் சில நேரம் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி செய்தால் மட்டும் போதுமா?

போதாது. இன்று ஓடுகிற விண்டோஸ் நாளைக்கு இருக்காது. அதனால் கண்காட்சி முடிந்ததும் மூன்று வேலை செய்தோம். ஒவ்வொரு பக்கத்தையும் சரியான நிறத்தில் திரைப்படமாகப் பிடித்து பி.என்.ஜி. ஃபைலாகச் சேமித்தோம். குரல் எல்லாம் வேவ் ஃபைலாகத் தனிப் போல்டரில் இருந்தது. அதை மூன்று இடத்தில் காப்பி எடுத்தோம். மீன் பெயர்களையும் விவரங்களையும் யூனிகோடில் திரும்ப டைப் அடித்தோம். இனி இதைப் பார்க்க எந்தப் பழைய மென்பொருளும் வேண்டாம்.

இதற்கு நம்ம ஊரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்த மாதிரி இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கியது. அங்கேயும், பிரெஞ்சு தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியிலும் சுமார் 11,000 சுவடிகள் இருக்கின்றன. அந்தச் சைவச் சுவடித் தொகுப்பை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலை பூச்சி அரித்துப் போகும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். அதனால் பழைய ஓலை போவதற்குள் புது ஓலையில் பார்த்து எழுதிவிடுவார்கள். அப்படித்தான் நூல்கள் நம் கைக்கு வந்தன.

2007-ல் அந்த இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 'கணினித் தேவாரம்' என்ற சி.டி.யை வெளியிட்டன. தொகுத்தவர்கள் ழான்-லுய்க் செவ்வியார், எஸ்.ஏ.எஸ். சர்மா. மறைந்த வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரையும் அதில் உண்டு. சி.டி. டிரைவே இல்லாத கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டாலும் அந்தத் தேவாரம் போய்விடவில்லை. இணையத்திலும் வைத்துவிட்டார்கள். ஓலையிலிருந்து ஓலைக்கு மாற்றிய மாதிரி, சி.டி.யிலிருந்து இணையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

நிறையப் பேர் வீட்டில் பழைய சி.டி.யைக் கயிற்றில் கட்டி மாடியில் காக்கா விரட்டத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொங்கவிடுவதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ஓடவில்லை, நிறம் தப்பாக வருகிறது என்றால் கம்ப்யூட்டர் அறைக்குக் கொண்டு வாருங்கள். வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு வேளையில் நானும் என் தோழியும் இருப்போம். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்காமலே கெட்டுப் போச்சு என்று சொல்லவும் மாட்டோம்.

கண்காட்சி அன்று அம்மா வந்திருந்தார். மீன் பக்கம் வந்ததும் எதுவும் பேசவில்லை. இரண்டாவது முறை போடச் சொல்லிக் கேட்டார். அப்புறம், "இப்பதான் அம்மா மாதிரியே இருக்கு" என்றார்.

கேள்வி நேரம்

1. 800 × 600 திரையில் 256 நிறத்துக்கு எத்தனை பைட் வேண்டும்? 512 கே.பி.யில் அது அடங்குமா?
2. 256 டப்பாக்களில் விண்டோஸ் தனக்கு வைத்துக்கொள்வது எத்தனை?
3. ஒரு படம் 24 பிட் நிறத்தில் சேமிக்கப்பட்டிருந்தால் பேலட் மாறி நிறம் கெடுமா? ஏன்?

விடைகளைத் தாளில் எழுதி, வகுப்பும் பெயரும் போட்டு, கம்ப்யூட்டர் அறை வாசலில் உள்ள பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த இதழில் வரும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி